காது கேளாதவரோடு பேச எந்த வழி? உதட்டசைவு, செல்பேசி, மொழிபெயர்ப்பாளர், சைகை மொழி: ஓர் ஒப்பீடு

காது கேளாத ஒருவர் நம் வட்டத்துக்குள் வருகிறார். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம், குடும்பத்துக்கு மருமகளாக வந்தவராக இருக்கலாம், நம் பிள்ளையோடு படிப்பவனாக இருக்கலாம். முதல் நாளே எல்லோருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: இவரோடு எப்படிப் பேசுவது?

வாயை நன்றாக அசைத்து மெதுவாகப் பேசலாம், உதட்டைப் பார்த்து அவர் புரிந்துகொள்வார். எழுதிக் காட்டலாம், அல்லது பேச்சை எழுத்தாக்கும் செயலியைத் திறந்து செல்பேசியை நீட்டலாம். சைகை மொழிபெயர்ப்பாளரை வரவழைக்கலாம். இல்லையென்றால் நாமே சைகை மொழியைக் கற்றுக்கொள்ளலாம்.

செலவு, வேகம், வசதி என்று இவற்றை ஒப்பிடுவது வழக்கம். அதெல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறொன்றை: இந்தப் பேச்சு நடக்க வேண்டுமென்றால் உழைக்கப் போவது யார்? காது கேளாதவர் மட்டுமா, கேட்பவரும் சேர்ந்தா? ஒருவரை ஏற்றுக்கொண்டோம் என்று வாயால் சொல்வது எளிது. உண்மையிலேயே ஏற்றுக்கொண்டோமா என்பது இந்தக் கேள்விக்கு நாம் தரும் பதிலில் தெரிந்துவிடும்.

முதலில் அவரையே கேளுங்கள்

எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன் ஒன்றைச் செய்தாக வேண்டும். காது கேளாதவர் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பின் கணக்குப்படி உலகில் 7 கோடிக்கும் மேற்பட்ட காது கேளாதோர் இருக்கிறார்கள், 300-க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருக்கின்றன. இன்னொரு பக்கம், 60 வயதைத் தாண்டியவர்களில் கால்வாசிப் பேருக்கும் மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அறுபது வயதுவரை தமிழில் பேசி, சண்டை போட்டு, செய்தித்தாள் படித்து வாழ்ந்த ஒருவருக்குக் காது மந்தமானால் அவருடைய மொழி தமிழ்தான். அவருக்குக் காது மெஷினும் எழுத்தும் அருகில் உட்கார்ந்து நிதானமாகப் பேசும் ஆளும்தான் தேவை. அவரிடம் போய்ச் சைகை மொழி வகுப்பைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. பிறவியிலேயே காது கேளாமல், காது கேளாதோர் பள்ளியில் சக மாணவர்களோடு கையால் பேசி வளர்ந்தவருக்கோ சைகைதான் முதல் மொழி. எழுத்துத் தமிழ் அவர் பிற்பாடு படித்துப் பழகிய இரண்டாம் மொழி. இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் சொன்னால் ஒருவருக்கு நிச்சயம் அநியாயம் நடக்கும்.

'உங்களுக்கு எப்படிப் பேசினால் வசதி?' என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டுவிடுங்கள். கேட்காமலேயே முடிவெடுக்கும் வழக்கம்தான் இந்த விஷயத்தில் அதிகக் கெடுதல் செய்திருக்கிறது.

உதட்டசைவு: நமக்கு எளிது, அவருக்குப் பெரும்பாடு

கேட்பவர்கள் முதலில் நம்புவது இதைத்தான். காரணம் எளிது, நாம் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இதைச் சோதித்துப் பார்க்கக் கண்ணாடி ஒன்று போதும். அதன் முன் நின்று சத்தம் வராமல் 'படம்', 'மடம்' என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் 'பணம்', 'மணம்'. 'பாலை', 'மாலை'. உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. ப-வுக்கும் ம-வுக்கும் உள்ள வேறுபாடு மூக்கு வழியாகக் காற்று போகிறதா என்பதில் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது. 'வலி', 'வழி' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். நாக்கு வாய்க்குள் செய்யும் வேலை வெளியே தெரியவே தெரியாது. ஆங்கிலத்தில் 30 முதல் 40 சதவீத ஒலிகள் மட்டுமே உதட்டில் தெரியும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மீதியை இடம், பொருள், முகபாவம் எல்லாவற்றையும் வைத்து ஊகிக்க வேண்டும்.

அதாவது உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவர் நாள் முழுக்க விடுகதை விடுவித்துக்கொண்டிருக்கிறார். எதிரில் இருப்பவர் மீசை வைத்திருந்தால், முதுகுப் பக்கம் ஜன்னல் வெளிச்சம் இருந்தால், பேசும்போது தலையைத் திருப்பினால், அதுவும் போச்சு. மூன்று பேர் மாறி மாறிப் பேசினால், யார் பேசுகிறார் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவர் முடித்துவிடுவார். சாயங்காலம் ஆனால் கண்ணும் மூளையும் சோர்ந்துபோகும் என்று இதைச் செய்கிறவர்கள் சொல்வதில் வியப்பில்லை. தலையாட்டுகிறார், சிரிக்கிறார் என்பதற்காகப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல முறை கேட்டு அலுத்துப்போனவர்களும் அப்படித்தான் தலையாட்டுவார்கள்.

இந்த வழிக்கு ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வியாளர்கள் மாநாடு கூடியது. பள்ளிகளில் சைகையைவிட வாய்ப்பேச்சே மேலானது, அதையே பயன்படுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வந்திருந்த 164 பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அதற்குப் பிறகு ஐரோப்பாவிலும் பிற இடங்களிலும் பள்ளிக்கூடங்களில் சைகை தடை செய்யப்பட்டது, காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள், கையை அசைத்த பிள்ளைகள் கையிலேயே அடி வாங்கினார்கள். அதே மாநாட்டு வரிசையின் 2010-ஆம் ஆண்டுக் கூட்டம் கனடாவின் வான்கூவரில் நடந்தபோதுதான் அந்தத் தீர்மானங்களை வெளிப்படையாக நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். நடுவில் 130 ஆண்டுகள். எத்தனை தலைமுறைப் பிள்ளைகள்!

மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 1970-களின் கடைசியிலும் 80-களிலும் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிகள் பெருகின. வகுப்பில் சொல்லிக் கொடுத்தது ஸ்பானிய மொழியையும் உதட்டசைவையும். அது பிள்ளைகளுக்கு ஏறவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் அவர்கள் தங்களுக்குள் கையால் பேசப் பேச, சில ஆண்டுகளில் இலக்கணத்தோடு ஒரு புதிய மொழியே பிறந்துவிட்டது. நிகராகுவா சைகை மொழி என்று மொழியியலாளர்கள் இன்றும் ஆராய்வது அதைத்தான். வகுப்பறை தராததைப் பிள்ளைகள் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

இவ்வளவும் சொன்னது உதட்டசைவு உதவாது என்பதற்கு இல்லை. கொஞ்சம் கேட்கும் திறன் மிச்சமிருப்பவருக்கும், பேச்சு வந்த பிறகு காது போனவருக்கும் அது நல்ல துணை. தனி வழியாக அதை நம்புவதுதான் தவறு.

எழுத்தும் செல்பேசியும்

இரண்டாவது வழி உண்மையிலேயே நிறைய மாறியிருக்கிறது. பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் செயலிகள் இப்போது சாதாரணச் செல்பேசியிலேயே ஓடுகின்றன. கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் 2019-இல் வந்தது. மருந்துக் கடையிலோ வங்கியிலோ முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு விவரம் கேட்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஒருவர் மட்டும், சத்தமில்லாத அறையில், நிறுத்தி நிதானமாகப் பேசினால் நன்றாகவே வேலை செய்யும்.

பேச்சு வழக்குக்குள் போனதும் தடுமாறும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எழுத்து கலந்துவிடும். அது மட்டுமல்ல, செயலி நம் பேச்சை அவருக்குக் கொண்டுபோகிறது. அவர் பதில் சொல்ல வேண்டுமென்றால் தட்டச்சு செய்தாக வேண்டும். நாம் காற்று வாங்கிக்கொண்டு பேசுகிறோம், அவர் குனிந்து விரலால் தட்டுகிறார். எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழியாக இருப்பவருக்கு வேற்றுமை உருபும் வினைமுற்றும் சரியாக வருகிறதா என்ற கவலை வேறு. அவர் எழுதியதில் பிழை கண்டு அவருடைய அறிவை எடைபோடுகிறவர்களும் இருக்கிறார்கள். சைகையில் அவர் ஒரு விஷயத்தை எவ்வளவு நுட்பமாகச் சொல்வார் என்பதை அவர்கள் பார்த்ததே இல்லை.

வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். யாரோ ஏதோ சொல்ல, அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். காது கேளாத தங்கை பக்கத்தில் இருப்பவரின் கையைத் தொட்டு, என்ன என்று புருவத்தால் கேட்கிறாள். 'ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்' என்கிறார் அவர். அந்த அப்புறம் வருவதே இல்லை. வந்தாலும், பத்து நிமிடம் ஓடிய பேச்சு ஒரே வரியாகச் சுருங்கி வரும்: 'சித்தப்பா கல்யாணத்தப் பத்திப் பேசினாங்க.' உலகம் முழுக்கக் காது கேளாதோர், தங்களைச் சொந்த வீட்டிலேயே அந்நியமாக உணர வைப்பது 'அப்புறம் சொல்றேன்' என்ற இந்த ஒரு வாக்கியம்தான் என்று சொல்கிறார்கள். இந்த இடத்தில் செல்பேசி கைகொடுக்காது. சிரிப்பு ஓய்ந்த பிறகு வந்து சேரும் நகைச்சுவைக்கு யார் சிரிப்பார்கள்?

சைகையைப் படித்துக் குரலாக மாற்றும் கையுறை என்று அவ்வப்போது செய்தி வரும். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். சைகை மொழியின் இலக்கணத்தில் பெரும் பங்கு முகத்தில் இருக்கிறது, கையுறைக்கு முகம் தெரியாது. தவிர, அதைப் போட்டுக்கொண்டு திரிய வேண்டியவரும் காது கேளாதவர்தான்.

மொழிபெயர்ப்பாளர்

மருத்துவமனை, நீதிமன்றம், காவல் நிலையம், தேர்வு, வேலைக்கான நேர்காணல்: இந்த இடங்களில் தேர்ச்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றே கிடையாது. நீங்கள் சைகை கற்றிருந்தாலும் அங்கே நீங்கள் மொழிபெயர்க்கப் போகாதீர்கள். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தொழில்முறைச் சைகை மொழிபெயர்ப்பாளர்களை ஏற்பாடு செய்து தருவதை அரசுகளின் பொறுப்பாகவே சொல்கிறது. அது சலுகையாகக் கேட்டு வாங்கும் விஷயம் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் செலவை மிச்சம் பிடிக்க, காது கேளாத பெற்றோரின் காது கேட்கும் பிள்ளையை நடுவில் நிறுத்துவது நிறைய இடங்களில் நடக்கிறது. அம்மாவுக்கு என்ன நோய், இன்னும் எவ்வளவு காலம் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை டாக்டர் வாயிலிருந்து கேட்டு, அம்மா முகத்தைப் பார்த்துக் கையால் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போது நடந்துகொள்ள வேண்டிய முறை எளிது. காது கேளாதவரின் முகத்தைப் பார்த்து 'உங்களுக்கு' என்று பேசுங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து 'அவரிடம் சொல்லுங்கள்' என்பது, எதிரில் உட்கார்ந்திருப்பவரை இல்லாதவராக்கிவிடும். நீண்ட கூட்டமென்றால் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் 20, 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறிச் செய்வார்கள், ஏனென்றால் அது மூளையைப் பிழியும் வேலை. இரண்டு பேர் எதற்கு என்று பேரம் பேசாதீர்கள்.

உழைப்புக் கணக்கில் இந்த வழி நியாயமானது. ஆனால் சாப்பாட்டு மேஜைக்கும் டீ இடைவேளைக்கும் மொழிபெயர்ப்பாளர் வர மாட்டார். நட்பு பெரும்பாலும் அந்த நேரங்களில்தான் உண்டாகிறது.

நாமே கற்பது

இந்த வழியில்தான் பாரம் இரண்டு பக்கமும் பங்காகிறது. இதற்குச் சாட்சியாக ஓர் ஊரே இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் பரம்பரையாக வரும் காது கேளாமை ஒரு காலத்தில் அதிகமாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தீவில் சுமார் 155 பேருக்கு ஒருவர் காது கேளாதவர், சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவர். அங்கே காது கேட்பவர்களும் சின்ன வயதிலேயே சைகை மொழி கற்றுக்கொண்டார்கள். காது கேளாதவர்கள் மீன் பிடித்தார்கள், விவசாயம் செய்தார்கள், கேட்பவர்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள், ஊர்க் கூட்டத்தில் பேசினார்கள். பின்னாளில் ஆராய்ச்சியாளர் நோரா எலன் குரோஸ் அங்கே போய் முதியவர்களிடம் விசாரித்தபோது, அந்த மனிதர்களை அவர்கள் ஊனமுற்றவர்களாக நினைத்தே பார்க்கவில்லை. இன்ன மீனவர், இன்ன விவசாயி என்றுதான் நினைவுகூர்ந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் தனி நல்ல மனம் படைத்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரு பொது மொழி இருந்தது, அவ்வளவுதான்.

சைகை மொழி என்றால் கையால் தமிழ் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது தனி மொழி. 1960-இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கோ அமெரிக்க சைகை மொழியின் கட்டமைப்பைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் மொழியியல் உலகம் இதை ஏற்கத் தொடங்கியது. ஓர் உதாரணம் பாருங்கள். பல சைகை மொழிகளில் பேசுபவர் தன் முன்னால் இருக்கும் வெளியில் ஆட்களை நிறுத்திவைப்பார். வலது பக்கம் அம்மா, இடது பக்கம் அண்ணன். அப்புறம் 'கொடு' என்ற சைகையை வலமிருந்து இடமாக நகர்த்தினால் அம்மா அண்ணனுக்குக் கொடுத்தார் என்று பொருள். இடமிருந்து வலமாக நகர்த்தினால் அண்ணன் அம்மாவுக்குக் கொடுத்தான். அதே கையசைவோடு புருவத்தை உயர்த்தி நிறுத்தினால் 'கொடுத்தாரா?' என்ற கேள்வி. யார், யாருக்கு, என்ன என்று எல்லாமே ஒரே வீச்சில் வந்துவிடுகிறது. இதனால்தான் வாயால் தமிழ் பேசிக்கொண்டே கையாலும் சைகை காட்டுவது சரிப்படாது. இரண்டு மொழிகளின் வரிசையும் மோதும்போது கைதான் தோற்கும். பாதிச் சைகைகள் விழுந்துபோய், எதிரில் இருப்பவருக்கு உடைந்த வாக்கியம் போய்ச் சேரும். பேசும்போது பேசுங்கள், சைகையில் பேசும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள்.

எங்கே கற்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள்.

காணொளியும் செயலியும் பெரும்பாலும் இலவசம், நேரம் நம் வசம், திரும்பத் திரும்பப் பார்க்கலாம். தொடங்குவதற்கு மோசமில்லை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் நிறைய அமெரிக்க சைகை மொழியில் இருக்கின்றன. அமெரிக்க சைகை மொழிக்கும் பிரிட்டிஷ் சைகை மொழிக்குமே ஒன்றுக்கொன்று புரியாது, விரலால் எழுத்துக்கூட்டுவதுகூட ஒன்றில் ஒற்றைக் கை, மற்றதில் இரட்டைக் கை. அதனால் உங்களுக்குத் தெரிந்த காது கேளாதவர் எந்த மொழியில் பேசுகிறாரோ அந்த மொழிப் பாடத்தைத் தேடுங்கள். பாடம் நடத்துபவர் காது கேளாதவரா, சின்ன வயதிலிருந்தே சைகையில் பேசியவரா என்றும் பாருங்கள். வாரக் கிழமைகளையும் நிறங்களையும் மனப்பாடம் செய்து அழகாகக் காட்டும் காணொளிகள் எக்கச்சக்கம், அவற்றில் தப்பும் எக்கச்சக்கம்.

காணொளியின் பெரிய குறை வேறு. அது உங்கள் கையைப் பார்க்காது. கட்டை விரல் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதில் பொருளே மாறலாம், திருத்த ஆள் இல்லை. மேலும், சைகையைக் காட்டுவதைவிடப் பிறர் காட்டுவதைப் படிப்பது பல மடங்கு கடினம். நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழகிய கண், எதிரில் ஒருவர் இயல்பான வேகத்தில் பேசும்போது திக்குமுக்காடிப்போகும்.

காது கேட்கும் ஆசிரியர் நடத்தும் வகுப்பில் இலக்கணத்தை நம் மொழியிலேயே விளக்குவார்கள், சந்தேகம் கேட்பது சுலபம். அந்தச் சுலபத்தில்தான் பிரச்சினை. அரை மணி நேரம் சைகையைப் பற்றி வாயால் பேசிவிட்டு ஐந்து நிமிடம் கையை அசைத்துவிட்டு வருவோம்.

காது கேளாத ஆசிரியரின் வகுப்புதான் என் முதல் சிபாரிசு, அதில் எனக்குத் தயக்கமே இல்லை. உள்ளே நுழைந்ததும் குரல் அணைந்துவிடும். கவனத்தைத் திருப்ப ஆசிரியர் விளக்கை அணைத்துப் போடுவார், அல்லது மேஜையைத் தட்டி அதிர்வை உணர வைப்பார். முதல் சில வகுப்புகளில் நம்மை வாட்டுவது கையல்ல, கண்ணும் முகமும். எதிரில் இருப்பவரைக் கண்ணெடுக்காமல் பார்ப்பது நமக்குக் கூச்சம். ஆனால் சைகையில் பேசுபவரைப் பார்க்காமல் திரும்புவது, காதைப் பொத்திக்கொள்வதற்குச் சமம். முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினால், ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசுவது போல் இருக்கும். ஆசிரியர் பொறுமையாக நம் புருவத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருப்பார். அந்த ஒரு மணி நேரம் அந்த அறையில் மொழி தெரியாதவர் நாம்தான். காது கேளாதவர் கூட்டத்துக்குள் எப்படி உணர்வார் என்று ஆயிரம் பக்கம் படித்தாலும் கிடைக்காதது அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கிறது. அதோடு, அறிந்தவராகவும் சொல்லித் தருபவராகவும் ஒரு காது கேளாதவரை நாம் பார்க்கிறோம். பரிதாபம் என்ற உணர்ச்சி அந்த அறைக்குள் தானாகவே செத்துவிடும்.

தனிப்பயிற்சி வேகமானது, நேரம் வளைந்துகொடுக்கும், குறை என்று பார்த்தால் ஒரே ஆளின் பாணி மட்டும் பழகும். எந்த வகையானாலும் கட்டணம் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். 'நம்ம ஆபீஸ்லதான் அவர் இருக்காரே, மதிய இடைவேளையில் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கட்டும்' என்று அவருடைய ஓய்வு நேரத்தை எடுத்துக்கொள்வது, பாரத்தை மறுபடி அவர் தோளில் ஏற்றுவதுதான். அவராக விரும்பிச் சொல்லித் தந்தால் அது வேறு.

காது கேளாதோர் மன்றம், விளையாட்டுப் போட்டி, ஆண்டு விழா என்று அவர்கள் கூடும் இடங்களுக்குப் போவது கடைசிப் படி. சரளம் வருவது அங்கேதான். அடிப்படை இல்லாமல் போனால் எல்லோரும் உங்களுக்காக வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும், அதனால் சில மாதம் கற்றுவிட்டுப் போங்கள். விருந்தாளியாகப் போகிறோம் என்ற நினைப்பு இருக்கட்டும். கைதட்டல் வேண்டிய இடத்தில் இரண்டு கைகளையும் மேலே தூக்கி அசைப்பார்கள், நீங்களும் அசையுங்கள். பழகிய பிறகு அவர்களில் ஒருவர் உங்களுக்கு ஒரு பெயர்ச் சைகை வைப்பார். உங்கள் சிரிப்பையோ மூக்குக் கண்ணாடியையோ வைத்து உண்டாகும் பெயர். அதை நாமே நமக்கு வைத்துக்கொள்ள முடியாது. ஏற்றுக்கொள்வது என்பதை நாம் எப்போதும் கேட்பவர்கள் தரும் ஒன்றாகவே பேசுகிறோம். அங்கே அவர்கள் நம்மை ஏற்றுக்கொள்கிறார்கள்.

குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்றால்

இந்த ஒரு நிலைமையில் ஒப்பீடே வேறு, அவசரமும் வேறு. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கின்றன. மருத்துவமனையிலிருந்து வெளியே வரும் பெற்றோர் கையில் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி), காது மெஷின், பேச்சுப் பயிற்சி என்ற பட்டியல் இருக்கும். சைகை மொழி அதில் பல நேரம் இருக்காது, இருந்தாலும் 'மற்றதெல்லாம் பலிக்காவிட்டால்' என்ற கடைசி வரியில் இருக்கும்.

கருவியா சைகையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறான ஒப்பீடு. கருவி எல்லாக் குழந்தைக்கும் ஒரே பலன் தராது, பலன் தெரியவும் காலம் பிடிக்கும். மூளையில் மொழி வேரூன்றும் முதல் சில ஆண்டுகளோ காத்திருக்காது. கைமொழி பேச்சைக் கெடுத்துவிடும் என்ற பயத்துக்கு உறுதியான ஆதாரமில்லை. எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காமல் அந்த ஆண்டுகள் கழிந்துபோவதால் வரும் சேதம்தான் பிற்பாடு ஈடுகட்ட முடியாதது. 'எங்களுக்கே தெரியாத மொழியை எப்படிச் சொல்லித் தருவது?' என்று பெற்றோர் தயங்குவது நியாயம்தான். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெற்றோர் காது கேட்பவர்களாக இருந்தும், 6 மாதத்துக்குள் சைகை மொழி அறிமுகமான காது கேளாத குழந்தைகள் வயதுக்கேற்ற வேகத்தில் சொற்களைக் கற்றன. குழந்தையைவிட ஓர் அடி முன்னால் இருந்தால் போதும், கூடவே சைகையில் வளர்ந்த ஒருவரின் தொடர்பும் வேண்டும். கருவிக்கு ஏற்பாடு செய்யுங்கள், சைகை வகுப்பிலும் சேருங்கள், இரண்டையும் இதே மாதம் தொடங்குங்கள்.

யார், எத்தனை பேர்

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. குடும்பத்திலோ அலுவலகத்திலோ ஒருவர் மட்டும் கற்றால் போதாதா? போதாது. அந்த ஒருவர் விரைவிலேயே எல்லோருக்கும் சம்பளமில்லா மொழிபெயர்ப்பாளராகிவிடுவார், மற்றவர்கள் அவரைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். காது கேளாதவருக்கும் அந்த ஓர் ஆள் விடுப்பெடுத்தால் பேச்சே நின்றுபோகும். நான்கு பேர் அரைகுறையாகக் கற்பது, ஒருவர் முழுசாகக் கற்பதைவிட நல்லது. வீட்டில் யார் அதிகம் பேசுகிறாரோ, யார் எல்லோரையும் சிரிக்க வைக்கிறாரோ, அவர் முதலில் சேரட்டும். வீட்டின் பேச்சில் பாதி அவரிடமிருந்துதானே வருகிறது.

எளிய உரையாடலுக்குச் சில மாதங்கள் பிடிக்கும், சரளத்துக்குச் சில ஆண்டுகள். அதுவரை தாளும் செல்பேசியும் கூடவே இருக்கட்டும், அதில் குறைவொன்றும் இல்லை. வகுப்பு தொடங்கும் வரை காத்திருக்க மனமில்லை என்றால், இந்த வாரமே விரல் எழுத்துகளையும், 'மறுபடியும்', 'மெதுவாக', 'புரியவில்லை', 'இதற்குச் சைகை என்ன?' ஆகிய நான்கையும் கற்றுக்கொள்ளுங்கள். வணக்கத்தையும் நன்றியையும்விட இந்த நான்குதான் பேச்சு அறுந்துபோகாமல் காக்கும். 'அப்புறம் சொல்றேன்' என்பதற்கும் ஒரு சைகை உண்டு. அதைக் கற்காமல் விடுங்கள்.